மோட்டார் கொட்டகையின் மூன்று கீல்கள்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். தச்சுப் பென்சில் பிடித்துப் பழகிய கை, பேனாவைப் பிடித்தாலும் பலகையில் கோடு கிழிப்பதுபோல் அழுத்துகிறது. இரண்டு காகிதம் ஏற்கெனவே கிழிந்துவிட்டது. சின்ன ர, பெரிய ற எங்கெங்கே வரும் என்று இன்றுவரை எனக்கு நிச்சயம் கிடையாது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘கீல்’ என்று எழுதியிருக்கிற இடங்களை மட்டும் திருத்தாதீர்கள். அந்த ஒரு சொல்லை ஒவ்வொரு தடவையும் நன்றாக யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன்.

ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் எனக்குத் தச்சு வேலை. தோலை ஊறவைக்கிற தொட்டிக்கு மூடி, தோலைப் போட்டுச் சுரண்டுகிற சாய்வுக் கட்டை, காயப்போடுகிற கொட்டகைக்குக் கம்பு என்று ஏதாவது ஒன்று உடைந்துகொண்டே இருக்கும். பேச வேண்டிய அவசியம் இல்லாத வேலை. எனக்குப் பிடித்ததே அதுதான். எதிரே தெரிந்தவர் யாராவது வந்தால் குனிந்து காலில் முள் இருக்கிறதா என்று பார்க்கிற ஆள் நான். “மரத்துக்கிட்ட பேசுறதுல பாதி மனுசங்ககிட்ட பேசுனா நாம எப்பவோ மேல வந்திருப்போம்” என்று என் சம்சாரம் சொல்வாள்.

ஷாப் முதலாளி ஒரு சாயபு. நல்லவர், ஆனால் முன்கோபக்காரர். பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு மோட்டார் கார் வாங்கினார். எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் மோட்டார். வீட்டின் பின்பக்கம் குதிரை வண்டி நின்ற கொட்டகையைக் காலி செய்து மோட்டாரை விட்டார்கள். குதிரை பேரணாம்பட்டில் உறவுக்காரர் வீட்டுக்குப் போனது. குதிரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் மச்சான், அதாவது என் சம்சாரத்தின் அண்ணன், மெட்ராசில் மூன்று மாதம் தங்கி மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டு காக்கிக் கோட்டோடு திரும்பி வந்தார். ஆனால் பழக்கம் விடுமா? முதல் ஒரு வருஷம் மோட்டாரைக் கிளப்பும்போதும் நாக்கை மடித்து ‘டொக் டொக்’ என்று சத்தம் கொடுத்துத்தான் கிளப்புவார்.

அந்தக் கொட்டகைக்கு வேங்கை மரத்தில் இரட்டைக் கதவு. ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு இருக்கும். கதவுக்கு மூன்றாக மொத்தம் ஆறு இரும்புப் பட்டைக் கீல்கள். திறந்தால் வருகிற கிறீச்சலில், “சாயபு கெளம்பிட்டாரு” என்று தெருக்கோடியில் சொல்லிவிடுவார்கள். கதவின் உள்பக்கம் முழுவதும் ஆணி. குதிரையின் கடிவாளம், வார், கொள்ளுப் பை, லாந்தர் என்று ஒவ்வொன்றையும் மாட்ட யார் யாரோ அடித்து வைத்த நீள ஆணிகள். குதிரைக்கு அதனால் தொந்தரவு இல்லை. மோட்டாரின் மேல் துணிக்கூரை ஒரு நாள் அதில் மாட்டிக் கிழிந்துவிட்டது.

சாயபு தோல் விற்க மெட்ராசுக்கு ரயிலேறும்போது மச்சானிடம் ஒரு உத்தரவு போட்டுவிட்டுப் போனார். அதை மச்சான் வியாழக்கிழமை சாயங்காலம் ஷாப் வாசலில் என்னிடம் ஒப்பித்தார்.

“மாப்ளே, மொதலாளி நாளைக்கு சாயங்கால ரயிலுக்கு வர்றாரு. அதுக்குள்ள கொட்டா கதவுல கீல் எல்லாத்தையும் எடுத்துடணுமாம்.”

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணு விடக்கூடாதுன்னாரு. வேலை யாரு செய்வாங்கன்னு கேட்டாரு. என் தங்கச்சி புருசன் இருக்கான், நம்ம ஷாப்பு தச்சன்தான், கை சுத்தம்னு சொல்லிட்டேன். சரி, வேலை கெட்டுச்சுன்னா ரெண்டு பேரும் ஒண்ணாவே ஊட்டுக்குப் போய்டுங்கன்னு சொல்லிட்டாரு.”

மச்சான் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கை தன்னால் காக்கிக் கோட்டுப் பொத்தானைத் தடவியது. வாணியம்பாடியிலிருந்து ஒரு டிரைவர் வாரம் தவறாமல் வந்து சாயபுக்கு சலாம் வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். எதற்கு வருகிறான் என்று எல்லாருக்கும் தெரியும். சாயபுக்கு ஒரு கோபம் வந்தால் போதும், கோட்டு ஆள் மாறிவிடும்.

வீட்டுக்கு நடந்து போகும்போது யோசித்தேன். கீல் என்றால் எனக்கு இரண்டு தெரியும். ஒன்று, கதவைத் தாங்குகிற இரும்பு. இன்னொன்று, கரையான் வராமல் மரத்தின் அடியில் பூசுகிற கறுப்புக் கீல், தார் மாதிரி இருப்பது. அந்தக் கதவின் அடிப்பலகையில் பழைய கீல் பூச்சு இருந்தது உண்மைதான். ஆனால் பூசின கீலை எந்தப் பைத்தியக்காரன் சுரண்டி எடுக்கச் சொல்வான்? ஆகவே இரும்புக் கீல்தான். பழசை எடுக்கச் சொல்கிறார் என்றால் மெட்ராசிலிருந்து புதுசு வாங்கி வருகிறார் என்று அர்த்தம். பித்தளையாகக்கூட இருக்கும். இவ்வளவும் நானாகவே முடிவு செய்துகொண்டேன். மச்சானிடம் திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்க வெட்கம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே ஆரம்பித்தேன். கீல்களைப் பழைய காலத்துக் கொல்லர் யாரோ கதவில் வைத்து, மறுபக்கம் வந்த முனையை அடித்துப் பரத்தித் தறைந்திருந்தார். தறைந்த முனைகளை உளி வைத்து வெட்டித்தான் எடுக்க முடிந்தது. இரண்டு கீலில் கதவு சுழலுகிற குடுமி தேய்ந்து நூலாகிப் போயிருந்தது, தட்டியதும் முறிந்தது. எப்படியும் புதுசு வரப்போகிறதே என்று நானும் தாட்சண்யம் பார்க்கவில்லை. ஷாப்பிலிருந்து இரண்டு ஆட்களைக் கூப்பிட்டுக் கதவுகளை இறக்கிப் படுக்க வைத்தேன். பகல் சாப்பாட்டு வேளைக்கு இரண்டு கதவும் பிரியாணி சாப்பிட்ட மனிதர்கள் மாதிரி முற்றத்தில் மல்லாந்து கிடந்தன. தெருவில் போன இரண்டு ஆடுகள் உள்ளே வந்து அதன் மேல் ஏறி நின்றுகொண்டன.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்தார்.

“சபாசு மாப்ளே! ஒண்ணும் விடலியே?”

“ஆறும் எடுத்தாச்சு மச்சான்.”

அவர் கதவில்லாத நிலைச்சட்டத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார்.

“ஏன் மாப்ளே, இப்ப கதவு எதுல தொங்கும்?”

“புதுக் கீல் வருமே?”

“எங்கேந்து?”

“மெட்ராசுலேந்து.”

“யாரு சொன்னது?”

நான் ஆகாயத்தைப் பார்த்தேன். மழைக்கு இன்னும் பத்து நாள் இருக்கும் போலத் தெரிந்தது.

அப்போதுதான் பின்கட்டு வாசலில் தொங்கின திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. குடியாத்தத்துக் கட்டம் போட்ட கெட்டித் துணித் திரை அது. பேசியது சாயபுவின் அக்கா. விதவை. அந்த வீட்டு நிர்வாகம் முழுக்க அவர்கள் கையில்தான். வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். நாங்கள் எல்லாரும் பெரிய பீபி என்போம்.

“யாருப்பா அங்கே? கதவுக்கு இன்னா ஆச்சு?”

மச்சான் திரைக்கு சலாம் வைத்தார். ஊரெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவர், அன்றைக்கு என் பின்னால் நகர்ந்து நின்றார். எனக்கோ ஆச்சரியமாக இருந்தது, பேச்சு வந்தது. எதிரே முகம் இல்லை அல்லவா? கட்டம் போட்ட துணியிடம் பேச எனக்கென்ன வெட்கம்?

“கீல் எடுத்தோம்மா.”

“கீல் எடுக்குறதுக்கு கதவை ஏன் படுக்க வச்சீங்க?”

“எடுத்தா படுத்துடுதும்மா.”

“எங்க ஊட்டுல எத்தினியோ கீல் எடுத்திருக்கோம். ஒரு செவுரு கூட படுக்கலியே?”

“செவுத்துல ஏதும்மா கீலு?”

“செவுத்துல கீல் இல்லாம? அல்லாவே! கடியாரத்தை எதுலப்பா மாட்டுறது?”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். உள்ளே வளையல் சத்தம் கேட்டது, யாரோ எங்கேயோ போய் வந்தார்கள். பிறகு திரைக்கு அடியிலிருந்து ஒரு நீள ஆணி உருண்டு வந்து என் கால் விரல் பக்கத்தில் நின்றது. தலை ஒரு பக்கமாக வளைந்த ஆணி.

“இதோ. இதுதான் கீல்.”

நான் குனிந்து முறியாத கீல் ஒன்றை எடுத்தேன். முழ நீள இரும்பு. அதைத் தரையோடு தரையாகத் திரைக்கு அடியில் தள்ளினேன். அது கறகறவென்று உள்ளே போயிற்று.

“இதுதாம்மா கீலு.”

இரும்பைப் புரட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு உள்ளே பெரிய பீபி சிரிக்க ஆரம்பித்தார்கள். கூட இன்னும் இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சிரிப்பில் திரை காற்றடித்தது போல உப்பி உப்பி அமுங்கிற்று. அவர்கள் வீட்டு உருதுப் பேச்சில் ஆணிக்குப் பெயர் கீல். சாயபு அதை அப்படியே தமிழோடு கலந்து சொல்லியிருக்கிறார். மோட்டார் கூரையைக் கிழித்த ஆணிகளைத்தான் ஒன்று விடாமல் எடுக்கச் சொல்லியிருக்கிறார். அந்த ஆணிகள் அத்தனையும் கதவில் அப்படியே இருந்தன.

மச்சான் கதவின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஆடு நகர்ந்து இடம் கொடுத்தது.

“போச்சு மாப்ளே. வாணியம்பாடிக்காரனுக்கு என் கோட்டு சரியா இருக்கும். தோள்பட்டை மட்டும் கொஞ்சம் பிடிக்கணும்.”

“சிரிச்சது போதும்” என்றது திரை. உள்ளே இருந்தவர்களுக்கும் சேர்த்துச் சொன்னது போலிருந்தது. “என் தம்பி வந்து இதைப் பார்த்தான்னா பேஜாரு. அந்தக் கீலையே திருப்பி மாட்டுப்பா.”

“முடியாதும்மா. தறைஞ்சதை வெட்டிட்டேன். ரெண்டு முறிஞ்சும் போச்சு. கொல்லர் குடியாத்தத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்காரு. வெள்ளிக்கெழமை, பஜாரும் மூடியிருக்கு.”

“கீல் இல்லாம கதவு நிக்காதா?”

“நிக்கணும்னா மடங்குற மாதிரி கெட்டியா ஏதாச்சும் வேணும்மா.”

“நம்ம ஊட்டுல இரும்பு இல்லாம போகலாம். தோலு இல்லாம போகுமா?”

எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை. தினம் தோலுக்கு நடுவிலேயே நிற்கிறவன் நான். மூங்கில் படலுக்குத் தோல் வார் வைத்துக் கட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அது படல். இது வேங்கைக் கதவு.

“எருமைத் தோலு ரெண்டு மடிப்பா வச்சா தாங்கும்மா. ஆனா வச்சு அடிக்க நீளமா ஆணி வேணுமே.”

“அதான் கதவு பூரா இருக்கே! உங்க கீலு இல்லேன்னா எங்க கீலை வச்சு அடிப்பா.”

அதற்கப்புறம் பேச நேரமில்லை. மச்சான் ஷாப்புக்கு ஓடி, தடித்த எருமைத் தோலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நான் அதை முழ நீளப் பட்டைகளாக அறுத்தேன். கதவின் உள்பக்கம் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகக் குறடு போட்டுப் பிடுங்கினேன். வளைந்ததைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன். திரைக்கு அடியில் உருண்டு வந்த ஆணி மட்டும் எவ்வளவு தட்டியும் தலை நேராகவில்லை. இருக்கட்டும் என்று அதையும் சேர்த்துக்கொண்டேன். முதல் கதவு நிலையில் ஏறியது. இரண்டாவதை ஷாப் ஆட்கள் தூக்கிப் பிடித்திருக்கும்போதே மச்சான் மோட்டாரை வெளியே எடுத்தார்.

“ரயிலு ஜாஸ்தி லேட்டா வரணும்னு வேண்டிக்கோ மாப்ளே” என்று சொல்லிவிட்டு, ‘டொக் டொக்’ என்று நாக்கால் சத்தம் கொடுத்து ஸ்டேஷனுக்குப் போனார்.

ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. கடைசிப் பட்டையில் கடைசி ஆணியை, அந்தத் தலை வளைந்ததை, அடித்து நிமிரும்போது தெருவில் ஹாரன் கேட்டது. இன்னும் வெளிச்சம் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

சாயபு இறங்கினார். கொட்டகைக் கதவைப் பிடித்துத் தள்ளினார். சத்தமில்லை. இழுத்தார். சத்தமில்லை. மறுபடி தள்ளினார். பிறகு உள்ளே போய்க் கதவின் பின்பக்கம் மேலிருந்து கீழே உள்ளங்கையால் தடவினார். மச்சான் மோட்டாரை விட்டு இறங்காமல் ஓட்டுகிற சக்கரத்தைப் பிடித்தபடியே இருந்தார்.

“கீல் எல்லாம் எங்கே?” என்றார் சாயபு.

மச்சான் என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் முதலாளி கேட்ட கேள்விக்கு ‘ஆமாங்க’, ‘இல்லீங்க’ தவிர வேறு பதில் சொன்னது கிடையாது. அன்றைக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை.

“எந்தக் கீலுங்க சாயபு?”

“எந்தக் கீலுன்னா? எத்தினி கீல்டா இருக்கு?”

திரைக்குப் பின்னால் அடக்கி வைத்திருந்த சிரிப்பு உடைந்தது. சாயபு திரும்பினார். பெரிய பீபி அவர்கள் பேச்சில் மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னார்கள். நடுநடுவே ‘கீல்’ என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு தடவை அது வரும்போதும் மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

சாயபு கதவின் ஓரத்துக்குப் போனார். குனிந்து தோல் பட்டையைப் பார்த்தார். விரலால் கிள்ளினார், நகத்தால் கீறினார், மோந்து பார்த்தார். மண்டியில் தோல் வாங்கும்போது செய்வாரே, அதே மாதிரி.

“இது நம்ம ஷாப்பு தோலா?”

“ஆமாங்க.”

“சீமைக்குப் போற கட்டுலேந்து எடுத்தீங்களா?”

“இல்லீங்க” என்றார் மச்சான், மோட்டாருக்குள்ளிருந்தே. “கழிச்சுப் போட்டதுலேந்துங்க. ஓரத்துல கத்தி பட்டது.”

“அப்ப சரி.” சாயபு இன்னொரு தரம் கதவைத் தள்ளினார். “இருவது வருசமா இந்தக் கதவு கத்தி கத்தி உயிரை வாங்குச்சு. எண்ணெய் போட்டும் அடங்கல. இன்னிக்குத்தான் வாய மூடியிருக்கு. இப்படியே இருக்கட்டும்.” பிறகு என் பக்கம் திரும்பி, “ஆனா மழைல தோலு இழுத்துக்கும். கதவு தொங்கிடும். வருசா வருசம் மழைக்கு முன்னால நீயே வந்து மாத்தணும், தெரியுதா?” என்றார்.

நான் தலையை ஆட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். பேச ஆரம்பித்த வாய் நிற்கவில்லை.

“அடிப்பலகைக்குக் கீலும் பூசணுங்க. இல்லேன்னா கரையான் வந்துடும்.”

“இன்னா? இன்னும் ஒரு கீலா!”

சாயபுவும் சிரித்துவிட்டார். மச்சான் அதற்கப்புறம்தான் மோட்டாரை விட்டு இறங்கினார். இறங்கினதும் கோட்டுப் பொத்தானை மேலிருந்து கீழ்வரை ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து அந்த வாணியம்பாடி டிரைவருக்கு வேலூரில் ஒரு வக்கீல் வீட்டில் வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்த வேலை இருப்பதை விசாரித்து அவனுக்குச் சொல்லிவிட்டது மச்சான்தானாம்.

அன்று முதல் வருஷா வருஷம் புரட்டாசியில் அந்தக் கதவு வேலைக்குப் போகிறேன். முதலில் கதவைக் கடப்பாரையால் அரை விரல் தூக்கி அடியில் கட்டை கொடுத்துவிட வேண்டும். பிறகு பழைய தோலை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதுசு மாட்ட வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றக் கூடாது, அதை நான் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாட்டுவதற்கு முன் தோலுக்கு விளக்கெண்ணெய் நன்றாக ஊற்றித் தேய்த்தால் தண்ணீர் சீக்கிரம் ஏறாது. ஒரு வருஷம் ஷாப்பில் இருக்கிறதே என்று மீன் எண்ணெய் போட்டேன். ஊர்ப் பூனை எல்லாம் ஒரு வாரம் கதவடியில் உட்கார்ந்திருந்தது. கடைசியாக அடிப்பலகையைச் சுத்தியால் தட்டிப் பார்ப்பேன். ‘டங்’ என்றால் நல்லது, ‘டொப்’ என்றால் உள்ளே கரையான். அதற்கப்புறம் கீலைக் காய்ச்சிப் பூசினால் வேலை முடிந்தது. ஆணிகள் அன்றைக்குப் பிடுங்கின அதே ஆணிகள். தலை வளைந்தது இப்போதும் கடைசிப் பட்டையில்தான் இருக்கிறது.

வேலை ஆரம்பிக்கும்போது சாயபு மாடியிலிருந்து, “மூணு கீலும் பாரு!” என்று ஒரு குரல் கொடுப்பார். அதற்கு நான் “எந்த மூணுங்க?” என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கீழே இறங்கி வந்துவிடுவார்.

நான் தள்ளிவிட்ட அந்த இரும்புக் கீலைப் பெரிய பீபி திருப்பித் தரவே இல்லை. பாக்கு தட்ட வசதியாக இருக்கிறதாம். பதினாலு வருஷத்தில் அவர்கள் முகத்தை நான் பார்த்ததில்லை. திரை மூன்று தடவை மாறிவிட்டது, கட்டம் மட்டும் மாறவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் அந்தத் துணியிடம் நான் பேசுகிற பேச்சு, மீதி நாள் முழுவதும் மற்றவர்களிடம் பேசுவதைவிட அதிகமாக இருக்கும் என்று மச்சான் கேலி செய்கிறார்.

இதை எழுதச் சொன்னதும் அவர்கள்தான். கேட்டு நாலைந்து வருஷம் ஆகிறது. வீட்டுக்கு வந்த மருமகள்கள், அத்தை கதை கட்டுகிறார்கள் என்கிறார்களாம். நடந்ததை நடந்தபடி ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் வாசித்துக் காட்டிவிடலாம் என்றார்கள். ஒவ்வொரு வருஷமும், அடுத்த வருஷம் தருகிறேன் என்று தப்பித்துக்கொண்டு வந்தேன். கையெழுத்து அப்படி. போன வாரம் வேலை முடிந்து கிளம்பும்போது திரை கேட்டது:

“இன்னாப்பா, இந்த வருசமும் இல்லியா? உன் கைக்கும் கீல் துருப்பிடிச்சுப் போச்சா?”

“எந்தக் கீலும்மா?” என்றேன்.

அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரு வாரமாக விளக்கு வைப்பதற்கு முன்னால் தினம் கொஞ்சம் எழுதி இன்றைக்கு முடித்தேன். நாளைக்கு ஷாப்புக்குப் போகும் வழியில் இதை மடித்து, அந்தக் கீலைத் தள்ளின மாதிரியே திரைக்கு அடியில் தள்ளிவிட்டு, அவர்கள் படிக்க ஆரம்பிப்பதற்குள் நடந்துவிடுவேன்.

1936, தாது வருஷம், புரட்டாசி 28.